கைதட்டினால் நிறுத்திவிட வேண்டும்

தொலைக்காட்சியில் இசை விருது விழா ஓடும்போது மேடையைப் பார்க்க வேண்டாம். கீழே உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். பாடகர் இன்னும் வாயைத் திறந்திருக்க மாட்டார், அதற்குள் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொள்வார். நன்றியுரையில் அம்மா என்ற சொல் வருவதற்குச் சற்று முன்பே ஒரு வரிசை முழுவதும் நெகிழ்ந்துவிடும். பிறகு வேறொருவருக்கு விருது தரும்போது அதே பெண்மணி அதே விரலால் அதே கண்ணை மறுபடியும் துடைப்பார். விழாவில் யாரும் தோற்பதில்லை. வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு விருது உண்டு. வராதவருக்கு இல்லை, அவ்வளவுதான். ஒவ்வொருவரும் மற்றவரைப் புகழ்கிறார். புகழப்பட்டவர் அடுத்தவருக்கு அதைக் கடத்திவிடுகிறார். மூன்று மணி நேரத்தில் ஒரே ஒரு மனிதர்கூட ஒரு பாட்டைக் கேட்டு முகம் சுளிப்பதில்லை. முகம் சுளிக்க உரிமை இல்லாத இடத்தில் முகம் மலர்வதற்கும் பொருள் இருக்காது. அந்த விழாக்கள் செத்த மீனின் கண்போல இருப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அப்படிப்பட்ட ஓர் அரங்கில் உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். என்னை அங்கே அழைத்துப் போனவர் என் அத்தை. அதற்கான விலையையும் அவர்தான் கொடுத்தார்; இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

அத்தை என் அப்பாவின் தங்கை. கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. ராசிங்காபுரத்திலிருந்து விடிவதற்கு முன் புறப்படும் ஜீப்புகளில் ஒன்றில் ஏறி, மலைக்கு மேலே கேரள எல்லை தாண்டி, ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் திரும்புவார். கல்லூரி விடுமுறைகளிலும் படிப்பு முடிந்து வேலை தேடிய மாதங்களிலும் நானும் அதே ஜீப்பில் போயிருக்கிறேன். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடித்தூரில், தரையோடு படர்ந்த சரங்களில் காய்க்கும். ஆகவே நாள் முழுவதும் குனிந்தோ குந்தியோதான் எடுக்க வேண்டும். ஈரத்தில் அட்டை ஏறும். சரிவில் கால் வழுக்கும். இந்த வேலையில் ஒரு பெண் நிமிர்ந்து உட்காரும் இடம் ஜீப்பு ஒன்றுதான், அங்கும் இடித்துக்கொண்டுதான்.

அடிவாரத்தில் முந்தல் தாண்டி வண்டி மலையேறத் தொடங்கினால் வளைவுக்கு வளைவு வயிறு புரளும். அதை மறப்பதற்காகத்தான் முதலில் யாரோ பாடியிருக்க வேண்டும். நான் அறிந்த காலத்தில் அது ஒரு நீதிமன்றமாகவே வளர்ந்திருந்தது. ஒருத்தி பாடுவாள், இன்னொருத்தி எதிர்ப்பாட்டுப் பாடி மடக்குவாள், மற்றவர்கள் ஏசுவார்கள். பாட்டு நன்றாக இருந்தால் ஏச்சு கூடும். "அடி நாசமாப் போறவளே, எங்கேருந்துடி பிடிச்ச இத?" என்று முதுகில் ஒரு அறை விழுந்தால் அதற்கு மேல் மரியாதை கிடையாது. பாட்டு சோடை போனால் ஒரு வழக்கம் இருந்தது: எல்லோரும் சேர்ந்து கைதட்டுவார்கள். கைதட்டினால் நிறுத்திவிட வேண்டும். பாதி வரியாக இருந்தாலும் வாயை மூடிக்கொள்ள வேண்டும்; மீறிப் பாடினால் மானமில்லாதவள் என்று பொருள். சினிமாவில் கேட்டதை அப்படியே ஒப்பித்தாலும், தோட்டத்தில் வேலை வாங்கும் மேஸ்திரிக்குப் பயந்து ஒரு சொல்லை மாற்றிப் பாடினாலும், அதே தண்டனைதான்.

கல்லூரியில் பரிசு வாங்கிய பாட்டு ஒன்றை நானும் ஒருநாள் பாடினேன். இரண்டாவது வரிக்குப் போவதற்குள் கைதட்டிவிட்டார்கள்.

"படிச்ச பிள்ளைக்குக் குரல் இருக்கு ஆத்தா. பாட்டுத்தான் இல்ல" என்றார் ஓட்டுநர் அண்ணன், கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி.

"பரீட்சை எழுதுற மாதிரில்ல பாடுது" என்றாள் ஒருத்தி. மலையுச்சியில் போடிமெட்டு வரும்வரை சிரித்தார்கள். கொடுமைதான். ஆனால் அந்தக் கொடுமைக்குக் காது இருந்தது. அவர்கள் ஒவ்வொரு சொல்லையும் கேட்டார்கள்.

அந்த ஜீப்பில் அத்தையைக் கைதட்டி நிறுத்தியவர் யாரும் இல்லை. அவருக்கு என்று வீட்டில் எதுவும் இல்லை; இங்கே இது இருந்தது. அவர் பாடுவார், அவருடைய தோழி ஒருவர் எதிர்ப்பாட்டுப் பாடுவார். இருவரும் ஒருவரையொருவர் மதினி என்று அழைத்துக்கொண்டார்கள்; இங்கே நான் மதினி என்பது அந்தத் தோழியை. மேஸ்திரியைப் பற்றி அவர்கள் கட்டிய பாட்டு மலை முழுக்கப் பரவியிருந்தது.

அட்டையும் மேஸ்திரியும் அண்ணன் தம்பி தானடி
ஒட்டுனா விடமாட்டான் உப்பு வச்சுப் பாருடி

என்று அத்தை தொடங்க, மதினி உடனே மடக்குவார்:

உப்பு வைக்கப் போனவளே உனக்கு ஒண்ணு சொல்றேன்டி
தப்பி விழுந்த அட்டை இப்போ தாலி கேட்டு நிக்குதடி

இதற்கு அத்தை என்ன பதில் பாடுவார் என்பது ஒவ்வொரு நாளும் மாறும். அதைக் கேட்பதற்காகவே காய்ச்சலோடு ஜீப்பு ஏறியவர்களை எனக்குத் தெரியும்.

கடந்த மழைக்காலத்தில் மதினி சரிவில் வழுக்கி விழுந்தார். இடுப்பில் கட்டிய காய்ப்பையோடு உருண்டு, ஒரு மரத்தூரில் மோதி நின்றார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. விழுந்தபோது சேலை தொடைக்கு மேலே ஏறிக்கிடந்ததையும், அதை இறக்கிவிடக்கூடத் தன் கை எழாமல் போனதையும், மேலிருந்து ஆண்கள் பார்த்துக்கொண்டு நின்றதையும்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். வலியைப் பற்றி அதிகம் பேசவில்லை. இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். போடியில் ஒரு கடையில் உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரிக்கிறார். ஜீப்பில் அவருடைய இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்தாள். எதிர்ப்பாட்டுக்கு ஆள் வரவில்லை. அத்தை இரண்டு குரலிலும் தானே பாடினார்.

அதை ஓட்டுநர் அண்ணன் கைபேசியில் பிடித்து அனுப்ப, அது எங்கெங்கோ சுற்றி, சென்னையில் ஒரு தொலைக்காட்சிக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்களுடைய இசை விருது விழாவில் மலைமக்களின் குரலுக்கு என்று இந்த ஆண்டு ஒரு விருது உண்டாம். அத்தையை அழைத்தார்கள். துணைக்கு என்னை வரச் சொன்னார்கள்.

கிளம்புவதற்கு முதல் நாள் மதினி வீட்டுக்குப் போனோம்.

"ஏன் மதினி, டிவிக்காரனுக்கு என் பாட்டையும் சேத்துப் பாடுவியா, இல்ல உன்னோடத மட்டும் பாடிட்டு வந்துருவியா?" என்று கட்டிலில் இருந்தபடி கேட்டார்.

"உன் பாட்டப் பாடுறதுக்குத்தான் போறேன். என்னோடது சும்மா வாசப்படி."

"பாடலேன்னு வையி, கம்பு இந்தா இருக்கு."

அத்தை அந்தக் கம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எல்லோரும் சிரித்தோம். அத்தைக்கு அந்தப் பயணத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான்: மதினியின் இரண்டு வரி ஊர் முழுக்கக் கேட்க வேண்டும்.

சென்னையில் விழா நடந்த அரங்கம் ஒரு பெரிய குளிர்ப்பெட்டி. மேடையில் இருப்பவர்களுக்காக அல்ல, விளக்குகளுக்காகக் குளிர வைத்திருந்தார்கள். பார்வையாளர்கள் பேருந்துகளில் கொண்டுவரப்பட்டு, சாப்பாட்டுப் பொட்டலத்தோடு இறக்கப்பட்டிருந்தார்கள். ஃப்ளோர் மேனேஜர் என்று ஓர் இளைஞர் காதில் கருவியோடு குறுக்கும் நெடுக்கும் ஓடினார். அவர் கையைச் சுழற்றினால் கூட்டம் தட்ட வேண்டும். இரண்டு கையையும் தூக்கினால் எழுந்து நிற்க வேண்டும். அவர் கெட்டவர் அல்ல. தூக்கம் இல்லாதவர். அவருக்கு யாருடைய பாட்டின் மீதும் வெறுப்பு இல்லை, விருப்பும் இல்லை.

மதியம், விழா தொடங்குவதற்கு வெகுநேரம் முன்பே, எங்களை மூன்றாவது வரிசையில் உட்கார வைத்து முகங்களைப் படம் பிடித்தார்கள். மேடை காலியாக இருந்தது.

"ஆச்சரியமாப் பாருங்கம்மா. சூப்பர். இப்ப கண் கலங்குங்க. பரவாயில்ல, அடுத்தது. இப்ப நல்லா சிரிங்க" என்றார் அந்த இளைஞர்.

அத்தைக்கு வெறும் மேடையைப் பார்த்துச் சிரிக்க வரவில்லை.

"எதைப் பாத்துத் தம்பி சிரிக்கிறது?"

"ஏதாவது நினைச்சுக்கங்கம்மா. ஊர்ல யாராவது கீழ விழுந்தது, அந்த மாதிரி."

அத்தை சற்று யோசித்தார். ஓட்டுநர் அண்ணன் ஒருமுறை மேஸ்திரிக்குச் சலாம் வைத்துக்கொண்டே பின்னால் நடந்து சேற்றில் உட்கார்ந்துவிட்டதை நினைத்ததாகப் பிறகு என்னிடம் சொன்னார். சிரிப்பு வந்தது. சும்மா வரவில்லை, வாயைச் சேலைத்தலைப்பால் பொத்தி, பொத்தியும் அடங்காமல், கண்ணீர் வழிய, பக்கத்தில் இருந்த என் தொடையில் அறைந்து சிரித்தார். கேமராக்காரரும் சேர்ந்து சிரித்துவிட்டார். அந்த அரங்கில் அன்று உண்மையாக நடந்த ஒரே காரியம் அது என்பதை அவர்கள் உடனே புரிந்துகொண்டார்கள்.

பிறகு பாட்டைப் பற்றிப் பேச ஒருவர் வந்தார். உணவு நேரத்தில் ஒளிபரப்பு என்பதால் அட்டை வேண்டாம் என்றார். வண்ணத்துப்பூச்சி என்று வைத்துக்கொள்ளலாமா? மேஸ்திரியும் வேண்டாம், விழாவுக்கு விளம்பரம் தருபவர்கள் மசாலாப் பொருள் விற்பவர்கள், தோட்டத்துக்காரர்கள் மனம் புண்படக்கூடாது. தாலி இருக்கட்டுமா என்று நான் கேட்டதற்கு, மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று போனார்.

"வண்ணத்துப்பூச்சிக்கு உப்பு வச்சா அது என்ன பண்ணும்?" என்று அத்தை என்னிடம் கேட்டார்.

கடைசியில், பாட்டை அப்படியே பாடட்டும், வேண்டாததை வெட்டிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அத்தையை மேடையில் ஏற்றினார்கள். விளக்குகள் அடித்தன. அட்டையும் மேஸ்திரியும் என்று தொடங்கினார். குரல் அரங்கின் கூரைவரை போனது. ஃப்ளோர் மேனேஜர் கையைச் சுழற்றினார். கூட்டம் முழுவதும் கைதட்டியது.

அத்தை நிறுத்திவிட்டார். யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. தோற்றவள் எப்படிப் போக வேண்டுமோ அப்படி, கும்பிட்டுவிட்டு, தலையைக் குனிந்து மேடையின் ஓரத்துக்கு நடந்தார்.

"அம்மா, பாடுங்கம்மா! ஏன் நிறுத்திட்டீங்க?" என்று ஓடிவந்தார் ஃப்ளோர் மேனேஜர்.

"கை தட்டிட்டாகளே தம்பி."

"நல்லா இருக்குன்னுதாம்மா தட்டுறாங்க!"

"நல்லா இருந்தாக் கேக்க மாட்டாகளா?"

நான் மேடையோரம் ஓடிப்போய் விளக்கினேன். இங்கே அதற்குப் பொருள் வேறு என்றேன். தலையாட்டினார். மறுபடி தொடங்கினார். மறுபடி கைதட்டல் எழுந்தது, மறுபடி நின்றுவிட்டார். அறிவுக்குத் தெரிந்தது தொண்டைக்குத் தெரியவில்லை. இத்தனை ஆண்டுகளாக அந்தச் சத்தத்துக்கு மூடிக்கொள்ளப் பழகிய வாய் அது. தட்டாமல் இருக்கச் சொல்லுங்கள் என்று கேட்டேன். தட்டாத கூட்டத்தை ஒளிபரப்ப முடியாது என்றார்கள். அடுத்து ஒரு பிரபலம் காத்துக்கொண்டிருந்தார். கேடயத்தை அத்தையின் கையில் கொடுத்துப் படம் எடுத்து இறக்கிவிட்டார்கள். மதினியின் வரிகள் பாடப்படவே இல்லை.

ஒளிபரப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் வந்தது. மதினியால் அதிகம் நடக்க முடியாது என்பதால் ஜீப்புப் பெண்கள் எல்லோரும் அவர் வீட்டு முற்றத்தில் கூடினார்கள். அத்தை புதுச்சேலையில் மதினியின் கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தார். பாடாமல் வந்ததை முன்பே சொல்லியிருந்தார். மதினியும், "போகுது விடு, கேடயத்த மொளகாய்ப்பொடி டப்பாவுக்கு மூடியா வச்சுக்குவோம்" என்று சிரித்திருந்தார். அத்தையின் முகமாவது வருமே என்றுதான் எல்லோரும் காத்திருந்தார்கள்.

விழாவின் நடுவில் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி வந்தது. ஓர் ஆண் நடிகர் சேலை கட்டி, முதுகில் பிளாஸ்டிக் இலைகள் நிறைந்த கூடையோடு, தோட்டத்துப் பெண்ணாக வந்தார். தேயிலை பறிக்கும் கூடை, எங்கள் ஏலத்தோட்டத்தில் இல்லாதது. வார்த்தைக்கு வார்த்தை கோயம்புத்தூர்ப் பக்கம்போல ஏனுங்க, ஏனுங்க என்றார். அட்டை கடித்துவிட்டதாக எங்கெங்கோ சொறிந்துகொண்டார். பிறகு அட்டைப்பெட்டியில் செய்த ஒரு மலையின் மீதேறி, வழுக்கி, உருண்டார். உருளும்போது சேலை தொடைக்கு மேல் ஏறியது. அதை இறக்கிவிட முடியாமல் கையை ஆட்டினார்.

திரையில் அத்தை வந்தார். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணீர் வழிய, தொடையில் அறைந்து சிரித்தார்.

நடிகர் இரண்டாம் முறை உருண்டார். அத்தை இரண்டாம் முறை சிரித்தார்.

அந்த நடிகரை நாங்கள் இருவரும் கண்ணாலும் கண்டதில்லை. அது வேறொரு நாள் எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும்.

"நல்லாச் சிரிச்சிருக்க மதினி" என்றார் மதினி. "பல்லு பூராம் தெரியுது."

"ஆத்தா மேல சத்தியமா மதினி, நான் இதப் பாத்துச் சிரிக்கல."

"அப்புறம் எதப் பாத்துச் சிரிச்ச?"

அத்தை உண்மையைச் சொன்னார். "ஒண்ணையும் பாக்கல. கீழ விழுந்தத நினைச்சுக்கங்கன்னு அந்தத் தம்பி சொன்னாரு..."

அதற்கு மேல் அவரைச் சொல்லவிடவில்லை. நான் எழுந்து விளக்கத் தொடங்கினேன். முகங்களை முன்கூட்டியே பிடித்துவைத்துக்கொண்டு வேண்டிய இடத்தில் ஒட்டுவார்கள் என்றேன். படத்தொகுப்பு என்பதை என்னால் முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன்.

"கேட்டுக்கங்கடி" என்றாள் ஒருத்தி. "சிரிப்ப மொதல்லயே எடுத்து வச்சிட்டாகளாம். தயிருக்கு ஒற ஊத்துன மாதிரி."

"அத்தைக்காகப் பேசுது. பேசட்டும்."

"நாம என்னைக்குடி ஏனுங்கன்னோம்? அதக் கேட்டுமா இவளுக்குச் சிரிப்பு வருது?"

மதினி கம்பை எடுத்து ஊன்றி, யார் உதவியும் இல்லாமல், வெகுநேரம் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

அவர்களை நான் குறை சொல்ல முடியவில்லை. தங்கள் கண்ணால் பார்த்ததை நம்பினார்கள். அந்த மூன்று மணி நேரத்தில் நம்பும்படியாக இருந்ததும் அந்தச் சிரிப்பு ஒன்றுதான். மற்ற அழுகைகளும் கைதட்டல்களும் பொய் என்று யாருக்கும் தெரியும். இது உண்மையான சிரிப்பு என்பதும் யாருக்கும் தெரியும். உயிரில்லாத நிகழ்ச்சிக்கு எங்கிருந்தாவது உயிர் வேண்டும். அதை ஒருத்தியிடமிருந்து எடுத்தார்கள். எடுத்தது எங்கே போய் ஒட்டும் என்று யோசிப்பது அவர்களுடைய வேலையாக இருக்கவில்லை.

தொலைக்காட்சிக்குப் புகார் எழுதலாம் என்று நினைத்தேன். விளைவைக் கணித்துப் பார்த்தேன். அவர்கள் கண்டுகொள்ளாவிட்டால் ஒன்றும் மாறாது. கண்டுகொண்டு வருத்தம் தெரிவித்தால், எதற்காக வருத்தம் என்று காட்ட வேண்டியிருக்கும். நடிகர் மறுபடியும் உருள்வார், அத்தை மறுபடியும் சிரிப்பார். எழுதவில்லை.

மறுநாள் காலை நானும் அத்தையோடு ஜீப்பில் ஏறினேன். யாரும் எங்களைத் தடுக்கவில்லை. அத்தைக்கு அவருடைய இடத்தை விட்டுக் கொடுத்தார்கள். "வாங்க, உக்காருங்க" என்றார்கள். முதல் முறையாக அவரைப் பன்மையில் அழைத்தார்கள். முந்தல் தாண்டியது. அத்தை, மதினியின் இரண்டு வரிகளை, தன் வரி இல்லாமல், நேரடியாகத் தொடங்கினார்.

உப்பு வைக்கப் போனவளே என்பதுவரைதான் வந்தது. ஜீப்பு முழுவதும் கைதட்டியது.

அத்தை நிறுத்தினார்.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். ஒருநாளாவது கைகள் சோர்ந்துவிடும் என்று அவர் எதிர்பார்த்தார் என நினைக்கிறேன். ஓட்டுநர் அண்ணன் மட்டும் ஒருமுறை, "விடுங்க ஆத்தா, பாவம்" என்றார். "நீங்க ரோட்டப் பாருங்கண்ணே" என்று அவரை அடக்கிவிட்டார்கள்.

பிறகு எனக்கு வேலை கிடைத்து ஊரைவிட்டுப் போனேன். போன மாதம் விடுமுறையில் வந்தபோது ஒருநாள் அத்தையோடு ஜீப்பு ஏறினேன். முந்தல் தாண்டியதும் அத்தை பாடத் தொடங்கினார். கைதட்டல் எழுந்தது. அத்தை நிறுத்தவில்லை. முகத்தில் எதுவும் இல்லாமல், யாரையும் பார்க்காமல், சத்தத்துக்கு நடுவே பாடிக்கொண்டே போனார். சென்னையில் அந்த இளைஞர் எவ்வளவோ கெஞ்சியும் வராத பழக்கம் எங்கள் மலைப்பாதையில் வந்துவிட்டிருந்தது. அவர் என்ன பாடுகிறார் என்று பக்கத்தில் இருந்த எனக்கே கேட்கவில்லை. அதே வரிகள்தான் என்பதை உதட்டைப் பார்த்து அறிந்தேன். பதில் வரி எதுவும் புதிதாக இல்லை. தட்டியவர்களும் அவரைப் பார்க்கவில்லை. ஒருத்தி தட்டிக்கொண்டே கொட்டாவி விட்டாள்.

போடிமெட்டுச் சோதனைச்சாவடியில் வண்டி நின்றது. கைதட்டலும் பாட்டும் நிற்கவில்லை. கேரளத்துக் காவலர் ஒருவர் குனிந்து உள்ளே பார்த்துச் சிரித்தார்.

"இன்னு எந்தா விசேஷம், சேச்சி?"

"ஒண்ணுமில்ல சார்" என்றாள் ஓரத்தில் இருந்தவள், தட்டுவதை நிறுத்தாமல். "எங்க ஆத்தாவுக்கு விருது குடுக்கிறோம்."